காலுக்கு அடியில் கனல்: கையெழுத்துப் போடாத ஜாமீன்தாரர்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் மொட்டை மாடியில் சோலார் தகடு போடுவது பற்றிப் பேசினோம். அப்போது பி பிளாக் தம்பி ஒருவர், "வெயில் இருக்கும்வரை சரி அங்கிள், ராத்திரி லிஃப்ட் ஓட என்ன வழி?" என்று கேட்டார். நம் செயலாளர் சார் அந்தக் கேள்வியை அப்படியே என் தலையில் கட்டிவிட்டார். நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பாறையைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே இதையும் ஒரு வங்கிக் கணக்கு போலவே சொல்கிறேன்: முதல், வட்டி, செலவு, கடைசியாக ஜாமீன்.

இரவு பகல் பார்க்காமல், மழை வெயில் பார்க்காமல் கிடைக்கும் வெப்பம் ஒன்று நம் காலுக்கு அடியிலேயே இருக்கிறது. பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். இடத்துக்கு இடம் இது மாறும். தென்னாப்பிரிக்காவில் ம்போனெங் என்ற தங்கச் சுரங்கம் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழம். அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். தொழிலாளர்கள் வேலை பார்க்க வேண்டுமென்றால் ஐஸ் கூழைக் கீழே அனுப்பிக் குளிரவைக்க வேண்டும். ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் ஆராய்ச்சிக்காக 12,262 மீட்டர் வரை துளை போட்டார்கள். அடியில் சுமார் 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், 180 டிகிரி இருந்தது. துளை போடுவதை நிறுத்தியதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம்.

இத்தாலி நாட்டில் லார்டெரெல்லோ என்ற ஊரில் பூமியிலிருந்து தானாகவே நீராவி பீறிடுகிறது. அதைக் கொண்டு 1904-லேயே ஐந்து பல்புகளை எரியவிட்டார்கள். ஐஸ்லாந்து, நியூசிலாந்து, இந்தோனேசியா போன்ற எரிமலை நாடுகளிலும் இப்படி மின்சாரம் எடுக்கிறார்கள். நம் லடாக்கில் பூகா பள்ளத்தாக்கில் இருப்பதும் இயற்கையான வெந்நீர் ஊற்றுதான். இவையெல்லாம் கொடுத்து வைத்த இடங்கள். சூடு, தண்ணீர், தண்ணீர் ஓட வழி மூன்றையும் இயற்கையே அமைத்துக் கொடுத்திருக்கிறது.

உலகின் பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. நாலைந்து கிலோமீட்டர் ஆழத்தில் கருங்கல் கொதிக்கக் கொதிக்க இருக்கும், ஆனால் தண்ணீர் இருக்காது. இருந்தாலும் ஓட வழி இருக்காது. அடுப்பு எரிகிறது, மேலே பாத்திரம் இல்லை. அந்தப் பாத்திரத்தை நாமே செய்துகொள்ள முடியுமா என்பதுதான் இன்றைய விஷயம்.

பாத்திரம் செய்வது எப்படி?

நம் வளாகத்தில் போர் போட்டபோது எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தோம். அதையே பல மடங்கு ஆழமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளையைச் சூடான பாறை வரை இறக்கி, மிகுந்த அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்துகிறார்கள். பாறையில் ஏற்கெனவே இருக்கும் மெல்லிய வெடிப்புகள் திறந்து, லேசாக நழுவி, சொரசொரப்பான இரண்டு முகங்கள் பொருந்தாமல் நிற்பதால் மறுபடி முழுக்க மூடாமல் இருக்கும். வற்றிய போர்வெல்லில் தண்ணீரை அழுத்திச் செலுத்தி வெடிப்புகளைத் திறக்கும் முறையைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பெரியண்ணன் இது. பிறகு, சற்றுத் தள்ளி இரண்டாவது துளை. ஒன்றில் குளிர்ந்த தண்ணீர் இறங்கும், வெடிப்புகள் வழியே ஓடிச் சூடேறி மற்றொன்றில் மேலே வரும். அந்தச் சூட்டில் டர்பைனைச் சுழற்றிவிட்டு, ஆறிய தண்ணீரைத் திரும்பக் கீழேயே அனுப்புவார்கள்.

இதை முதலில் செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தார். 1970-களில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஃபென்டன் ஹில் என்ற இடத்தில் தொடங்கினார்கள். முதல் சுற்று நன்றாகவே வந்தது. இன்னும் ஆழமாகப் போன இரண்டாவது சுற்றில்தான் சிக்கல். இரண்டு துளைகளையும் முதலில் போட்டுவிட்டு, 1983 டிசம்பரில் ஒன்றின் வழியாக 2 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீரைச் செலுத்தினார்கள். பாறை திறந்தது. ஆனால் அவர்கள் நினைத்த திசையில் திறக்கவில்லை. இரண்டாவது துளைக்குத் தண்ணீர் போய்ச் சேரவே இல்லை. கடைசியில் வெடிப்புகள் எங்கே போயிருக்கின்றன என்று பார்த்து, அதை நோக்கி இரண்டாவது துளையைத் திருப்பிப் போட்டார்கள். வெடிப்பை முதலில் உண்டாக்கு, அதன் இருப்பிடத்தைத் தெரிந்துகொண்டு அடுத்த துளையைப் போடு என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

ஆழத்தில் வெடிப்பு எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு நழுவலும் மிகச் சிறிய நிலநடுக்கம். மேலே நிற்கும் நமக்கு ஒன்றும் தெரியாது, கருவிக்குத் தெரியும். அந்த அதிர்வுகளின் இடங்களைக் குறித்து வைத்தால் வெடிப்புகளின் படம் கிடைத்துவிடும். இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலம் நடுங்குவது இந்த வேலையில் விபத்து மட்டும் இல்லை. சிறிய அளவில் அதுதான் வேலையே.

முதலும் வட்டியும்

இனி என் கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள கருங்கல்லை 1 டிகிரி மட்டும் குளிரவைத்தால் வெளிவரும் வெப்பம் சுமார் 60 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இந்தச் சூட்டு அளவில் பத்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகும் என்று கறாராகவே வைத்துக்கொள்வோம். 6 கோடி யூனிட். மாதம் 300 யூனிட் செலவழிக்கும் 16,000 வீடுகளுக்கு ஒரு வருடம் போதும். வெறும் 1 டிகிரிக்கு!

இந்தப் பணம் வட்டியில் வருகிறதா, முதலிலிருந்து எடுக்கிறோமா என்று வங்கிக்காரன் கேட்பான். பூமிக்குள்ளிருந்து மேலே இயல்பாகக் கசியும் வெப்பம், ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்துக்குச் சராசரியாக 65 கிலோவாட் அளவுதான். நம் வளாகத்தில் எல்லா ஏ.சி.யையும் ஒரே நேரத்தில் போட்டால் அதைத் தாண்டிவிடும். ஆக, வட்டி சொற்பம். நாம் எடுப்பது கோடிக்கணக்கான வருடங்களாகச் சேர்ந்த வைப்புத்தொகை. முதல் மிகப் பெரியது என்பதால் கவலை இல்லை, ஆனால் ஒரே இடத்தில் எடுத்துக்கொண்டே இருந்தால் வெடிப்புகளை ஒட்டிய பாறை ஆறிப்போகும். அந்த இடத்துக்குப் பல ஆண்டுகள் ஓய்வு கொடுக்க வேண்டும்.

செலவில் பெரியது துளை போடுவதுதான். பம்பு ஓடவும் மின்சாரம் வேண்டும், கீழே போகும் தண்ணீரில் ஒரு பகுதி திரும்பாது. பிரான்ஸ் நாட்டின் சுல்ட்ஸ் என்ற ஊரில் 1987-ல் வேலையை ஆரம்பித்தார்கள். 5 கிலோமீட்டர் ஆழம், சுமார் 200 டிகிரி சூடு. 2008-ல் 1.5 மெகாவாட் மின் நிலையம் அமைந்தது. இருபது வருட உழைப்புக்கு 1.5 மெகாவாட் என்பது வியாபாரமாகப் பார்த்தால் கைக்கும் வாய்க்கும் எட்டாத கணக்கு. ஆனால் கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

இதுவரை வரவு, செலவு. இரண்டும் போடுபவர் பொறுப்பு. லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் அவருடையது. அடுத்து ஜாமீன்.

பாசல்: நிறுத்திய பிறகு வந்த நடுக்கம்

சுவிட்சர்லாந்தில் பாசல் என்று ஒரு நகரம். 1356-ல் பெரிய நிலநடுக்கத்தில் இடிந்த ஊர் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே நகரத்துக்குள்ளேயே 5 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட்டார்கள். ஊருக்குள் போட ஒரு நல்ல காரணம் இருந்தது. மின்சாரம் எடுத்தபின் மிஞ்சும் வெந்நீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பிக் குளிர் காய வைக்கலாம். வீடுகள் தூரத்தில் இருந்தால் வெந்நீர் வழியிலேயே ஆறிவிடும்.

2006 டிசம்பர் 2-ஆம் தேதி தண்ணீரைச் செலுத்தத் தொடங்கினார்கள். ஆறு நாளில் சுமார் 1.15 கோடி லிட்டர். நாம் கோடையில் வாங்கும் 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் 950 லோடுக்கு மேல். அழுத்தம் 300 பார் அளவுக்கு ஏறியது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். அதிர்வு இந்த அளவைத் தாண்டினால் குறை, அந்த அளவைத் தாண்டினால் நிறுத்து. டிசம்பர் 8-ஆம் தேதி அதிர்வு அளவு மீறியது. விதிப்படி பம்பை நிறுத்தினார்கள். நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, அன்று மாலை, 3.4 அளவில் நிலநடுக்கம் வந்தது. ஊரே அதிர்ந்தது.

பம்பை நிறுத்தியும் ஏன் வந்தது? உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே விடை இருக்கிறது. சூடான சாம்பார்ப் பாத்திரத்தை ஈரமான கிரானைட் மேடையில் வைத்தால், யாரும் தொடாமலே அது மெல்ல நழுவும், பார்த்திருப்பீர்கள். பாத்திரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட காற்று சூடேறி, பாத்திரத்தை மயிரிழை தூக்குகிறது. மேடையின் பிடி விட்டுப்போகிறது. பூமிக்குள் இருக்கும் பழைய பிளவுகளும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பவை. இடுக்கில் தண்ணீரின் அழுத்தம் ஏறினால் பிடி தளரும். அங்கே ஏற்கெனவே இழுவிசை சேர்ந்திருந்தால் நழுவும். பம்பு நின்றாலும் கீழே ஏறிய அழுத்தம் உடனே அடங்காது, மெல்லப் பரவிக்கொண்டே இருக்கும். விளக்கு சிவப்பாகும்போது வண்டி ஏற்கெனவே வேகத்தில் இருக்கிறது.

பாசலில் உயிர்ச்சேதம் இல்லை. சுவர் விரிசல், பூச்சு உதிர்தல் என்று 2,000 பேருக்கும் மேல் நட்ட ஈடு கேட்டார்கள். காப்பீட்டிலிருந்து 70 லட்சம் பிராங்குக்குக் குறையாமல் போனது. மூன்று வருட ஆய்வுக்குப் பிறகு 2009-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். திட்டத்தின் தலைவர் மீது வழக்குப் போட்டு, அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. வேண்டுமென்றே யாரும் கெடுதல் செய்யவில்லை. ஆனாலும் விரிசல் விட்டது யார் வீட்டுச் சுவர்?

போஹாங்: ஆண்டுக்கணக்கில் கூடாரத்தில்

இரண்டாவது ஊர் தென்கொரியாவின் போஹாங். இரும்பு ஆலைக்குப் பெயர்பெற்ற துறைமுக நகரம். அங்கே 4 கிலோமீட்டருக்கு மேல் இரண்டு துளைகள். அவற்றில் ஒன்றைப் போடும்போதே சுமார் 3.8 கிலோமீட்டர் ஆழத்தில் துளையிடும் சேறு பெருமளவு காணாமல் போனது. அங்கே பெரிய பிளவு இருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. 2017 ஏப்ரலில் 3 அளவைத் தாண்டி ஒரு நடுக்கமும் வந்தது. அதன் பிறகும் ஆகஸ்டில் தண்ணீரைச் செலுத்தினார்கள், செப்டம்பரில் முடித்தார்கள். இரண்டு மாதம் அமைதி. நவம்பர் 15-ஆம் தேதி 5.4 அளவில் நிலநடுக்கம்.

நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மறுநாள் நாடு முழுக்க நடக்க இருந்த பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். நம் ஊரில் பிளஸ் டூ தேர்வைத் தேர்வுக்கு முந்தின ராத்திரி தள்ளி வைத்தால் எப்படி இருக்கும் என்று பிள்ளை படிக்கும் வீட்டாருக்குத் தெரியும். தரைத்தளத்தில் சுவரில்லாமல் தூண்களை மட்டும் நிறுத்தி, கார் நிறுத்த இடம் விட்டுக் கட்டிய கட்டடங்களில் தூண்கள் நொறுங்கின. நாமும் அப்படிப்பட்ட கட்டடத்தில்தான் இருக்கிறோம். ஒரு அடுக்குமாடிக் கட்டடம் சாய்ந்தே போனது. வீடிழந்த சில குடும்பங்கள் உள்விளையாட்டு அரங்கில் கூடாரம் போட்டு ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள்.

2019 மார்ச்சில் அரசு அமைத்த ஆய்வுக் குழு, இந்தத் துளைகளில் செலுத்திய தண்ணீரே நிலநடுக்கத்தைத் தூண்டியது என்று அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டின் கடைசியில் நிவாரணத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. மன உளைச்சலுக்கான ஈடு கேட்டுப் பல்லாயிரம் பேர் வழக்குப் போட்டார்கள். 2023-ல் கீழ் நீதிமன்றம், ஆளுக்கு 20 லட்சம் முதல் 30 லட்சம் வொன் வரை அரசு கொடுக்க வேண்டும் என்றது. நம் பணத்தில் ஒன்றேகால் லட்சம், ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நடுங்கி ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் கணக்கு முடியவில்லை.

வங்கியில் ஒருவர் கடன் வாங்கினால் ஜாமீன் போடுபவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஐயா, இவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும், தெரியுமா?" என்று கேட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம். எவ்வளவு நெருங்கிய உறவானாலும் சரி, கையெழுத்தில்லாமல் ஒருவர் தலையில் கடனை ஏற்ற முடியாது. பாசலிலும் போஹாங்கிலும் மேலே குடியிருந்தவர்கள் எல்லோருமே ஜாமீன்தாரர்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. பெரும்பாலானோருக்குத் தாங்கள் ஜாமீன் என்பதே, சுவர் விரிந்த பிறகுதான் தெரிந்தது.

அப்படியானால் வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. புகையில்லாமல், இருபத்துநாலு மணி நேரமும் மின்சாரம் தரக்கூடிய வழிகள் விரல்விட்டு எண்ணும்படியே இருக்கின்றன. ஆட்கள் இல்லாத இடத்துக்குப் போனால் என்ன என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் கூப்பர் பள்ளப் பகுதியில், பாலைவனத்தில், 4 கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டுச் செய்து பார்த்தார்கள். 2013-ல் 1 மெகாவாட் சோதனை நிலையம் 160 நாள் ஓடியது. நல்ல சூடு, ஆனால் மின்சாரத்தை வாங்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை. கம்பி இழுக்கும் செலவு கட்டுப்படியாகாமல் மூடிவிட்டார்கள். ஊருக்குள் போட்டால் ஜாமீன் பிரச்சினை, தள்ளிப் போட்டால் கம்பிச் செலவு. இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் தேடுவதுதான் இப்போதைய வேலை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மில்ஃபோர்டு என்ற சிற்றூருக்கு வெளியே, அரசு நிதியில் ஒரு சோதனைக் களம் அமைந்தது. நெவாடா மாநிலத்தில் ஃபெர்வோ என்ற நிறுவனம் 2023-ல் முப்பது நாள் சோதனை நடத்தி 3.5 மெகாவாட் காட்டியது. எண்ணெய்க் கிணறுகளில் பழகிய தொழிலை இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். துளையைச் செங்குத்தாக இறக்கி, சூடான பாறைக்குள் படுக்கை வசமாகத் திருப்பி, ஒரு கிலோமீட்டர் போல ஓட்டுகிறார்கள். ஒரே மூச்சில் கோடி லிட்டரை ஒரே இடத்தில் செலுத்தாமல், துளையைப் பகுதி பகுதியாக அடைத்து, ஒவ்வொரு பகுதியிலும் அளவாகச் செலுத்துகிறார்கள். ஒரு பெரிய கடனுக்குப் பதில் பல சிறு கடன்கள். ஒன்று கெட்டாலும் வங்கி மூழ்காது.

மேலே இருப்பவர்கள் கேட்க வேண்டியவை

இதிலிருந்து நமக்கு என்ன? நம் வளாகத்துக்கு அடியில் நாளைக்கே யாரும் 5 கிலோமீட்டர் துளை போடப்போவதில்லை. ஆனால் நகரத்தில் பூமிக்குக் கீழே நடக்கும் வேலைகள் கூடிக்கொண்டே போகின்றன. பக்கத்து மனையில் மூன்றடுக்கு பேஸ்மென்ட் தோண்டினாலும் மேலே இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

முதல் கேள்வி: வேலை தொடங்கும் முன் எங்கள் சுவர்களைப் படம் எடுத்து, இருக்கும் விரிசல்களைக் குறித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறீர்களா? பிறகு, "இது பழைய விரிசல்" என்ற வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

இரண்டாவது: அதிர்வை அளப்பவர் யார்? வேலை செய்பவரே அளந்தால், கேஷியரே தணிக்கையாளராக இருப்பது போலத்தான். அளவுகள் அன்றன்றைக்கே எங்கள் கண்ணில் பட வேண்டும்.

மூன்றாவது: எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவீர்கள், நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? போஹாங்கில் அறிகுறி வந்தது. சேறு காணாமல் போனது ஒன்று, ஏப்ரல் நடுக்கம் இன்னொன்று. நிறுத்தத்தான் ஆளில்லை.

நான்காவது: சேதம் வந்தால் யார் பணம் கொடுப்பார்கள், அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது? பாசலில் காப்பீடு இருந்தது, கணக்கு ஓரளவு முடிந்தது. போஹாங் மக்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

பி பிளாக் தம்பி கேட்டதற்கு என் பதில் இது. ராத்திரி லிஃப்ட் ஓட்டப் பூமிக்குள் சூடு நிறையவே இருக்கிறது. அதை எடுக்கும் வித்தையும் படிந்து வருகிறது. உங்கள் தலைமுறை அதை எடுக்கத்தான் போகிறது. எடுக்கும்போது மேலே இருப்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுங்கள்.

காபி ஆறுவதற்குள் கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.